சிறுத்துப் பிறக்கும் சிசுக்களும் நமது கடமையும்

ஒரு தேசத்தின் க்ஷேமத்தை அளப்பதற்குப் பல கோல்கள் உள. ஏற்றுமதி இறக்குமதிக் கணக்கால் அளப்பாரும் உளர். ரயில் பாதையின் நீளத்தாலும் ஆலைகளின் எண்ணிக்கையாலும் அளப்பாரும் உளர். இவையெல்லாம் வேண்டியவையே. ஆயினும் பிரஸவ விடுதியிலே சிசு பிறந்தவுடன் அதைக் கிடத்தி நிறுக்கும் தராசு சொல்லும் செய்தி இவை எதிலும் கிடைப்பதில்லை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, எடை குறிக்கப்பெற்ற இந்தியச் சிசுக்களில் நூற்றுக்குச் சுமார் 18 சிசுக்கள் இரண்டரை கிலோகிராமுக்குக் குறைந்த எடையோடு பிறந்தவை. வளர்ச்சி குன்றிப் பிறக்கும் சிசுக்களின் தொகையில் உலகத்துத் தேசங்களுக்குள் இந்தியாவே முதல் இடத்தில் நிற்கிறது. எவ்விஷயத்திலேனும் முதன்மை பெற வேண்டுமென்று ஆசைப்படுகிறவர்களும் இந்த முதன்மையை விரும்பார் என்பது திண்ணம்.

இச்சிசுக்களைப் பற்றி வைத்திய உலகத்தில் இந்நாட்களில் இரண்டு விஷயங்கள் பெரிதும் பேசப்படுகின்றன. ஒன்று, சிறுமைக்குக் காரணமான பாரம்பரியக் கோளாறுகளைக் கண்டறியும் பரீக்ஷை. மற்றொன்று, வளராது நின்றுவிட்ட குழந்தைக்குக் கொடுக்கப்படும் வளர்ச்சி ஹார்மோன் ஊசி. இவ்விரண்டையும் பொது ஜனங்களும், ஜனங்களிடையே வேலை செய்யும் ஊழியர்களும் உள்ளபடி அறிந்துகொள்வது அவசியமென்று நாம் கருதுகிறோம். ஏனெனில், அறியாமையால் இங்கே மூன்று விதமான அநீதிகள் நேர்கின்றன. ஊசி வேண்டிய குழந்தைக்கு அது காலத்தில் கிடைப்பதில்லை. வேண்டாத குழந்தைக்கு அது விலைக்கு விற்கப்படுகிறது. இவ்விருவரைப் பற்றிய பேச்சுக்கு நடுவே, தாய்க்குப் போதிய உணவில்லாமையால் சிறுத்துப் பிறந்த லக்ஷக்கணக்கான சிசுக்களின் விஷயம் மறந்தே போகிறது.

சிறுமை என்பது யாது?

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிக் கொள்ள வேண்டும். எடை குறைந்த சிசுக்களெல்லாம் ஒரே வகையினவல்ல. எட்டாவது மாதத்தில் 32 வாரங்களே நிறைந்து பிறந்த சிசு 1.7 கிலோ இருக்குமாயின் அது தன் காலத்துக்கேற்ற வளர்ச்சியுடையதே. அது முந்திப் பிறந்தது, அவ்வளவுதான். நாற்பது வாரம் முழுமையும் கருப்பையில் இருந்தும் 2.2 கிலோ எடையே உள்ள சிசுவோ வளர்ச்சி குன்றியது. ஆகவே எடையோடு கர்ப்பத்தின் வாரக் கணக்கும் தெரிந்தாலன்றி ஒன்றும் சொல்ல இயலாது. ஒரே வாரக் கணக்கில் பிறந்த நூறு சிசுக்களை எடையாலோ நீளத்தாலோ வரிசைப்படுத்தினால், கடைசி இரண்டு மூன்று இடங்களில் வருபவற்றையே இவ்விஷயத்தில் தேர்ந்த வைத்தியர்கள் ‘சிறுத்துப் பிறந்தவை’ என்கின்றனர். கடைசிப் பத்து இடங்களையும் சேர்த்துக் கொள்வாரும் உளர்.

அடுத்தபடி, பெற்றோருக்கு ஆறுதல் தரும் ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். சிறுத்துப் பிறந்த குழந்தைகளில் நூற்றுக்கு 85 முதல் 90 வரை, இரண்டு வயது நிறைவதற்குள் தாமாகவே வேகமாக வளர்ந்து மற்றக் குழந்தைகளை எட்டிப் பிடித்துவிடுகின்றன. முதல் ஆறு மாதங்களிலேயே இவ்வேகம் மிகுதியாகக் காணப்படும். மிகவும் முந்திப் பிறந்தவற்றுக்கு இன்னும் சிறிது காலம் பிடிக்கலாம். இவற்றுக்கு ஊசியும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். தாய்ப்பாலும் காலத்துக்கேற்ற உணவும் போதும். சிசு சிறியதாயிற்றே என்று கவலைப்பட்டு, டின்களில் வரும் மாவுகளை அளவின்றிக் கரைத்துப் புகட்டிக் கொழுக்க வைப்பது தவறு. சிறுத்துப் பிறந்து பின் வெகு வேகமாகக் கொழுப்பேறும் குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் நீரிழிவும் இருதய வியாதியும் வரும் அபாயம் அதிகமென்று ஆராய்ச்சியாளர் எச்சரிக்கின்றனர்.

எஞ்சி நிற்கும் பத்துப் பதினைந்து குழந்தைகளைப் பற்றியதே நமது கேள்வி. இவை இரண்டு வயதாகியும் எட்டிப் பிடிக்கவில்லை. நான்கு வயதிலும் பின்தங்கியே நிற்கின்றன. இப்படியே விட்டுவிட்டால் பெரியவர்களான பின்னும் குட்டையாகவே இருப்பார்கள். இவர்கள் ஏன் வளரவில்லை?

கருவில் வளர்ச்சி நடக்கும் விதம்

மூளையின் அடியிலே பட்டாணி அளவில் தொங்கிக் கொண்டிருக்கும் பிட்யூட்டரி என்னும் சுரப்பியே வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கிறது. பிறந்த பின் குழந்தை உயரமாக வளர்வதற்கு இது இன்றியமையாதது. ஆனால் கருப்பைக்குள் இதன் அதிகாரம் மிகக் குறைவு. பிட்யூட்டரிக் கோளாற்றால் இந்த ஹார்மோன் அறவே இல்லாத சிசுக்கள்கூடப் பிறக்கும்போது ஏறக்குறைய மற்றச் சிசுக்களின் அளவிலேயே இருப்பது இதற்குச் சான்று. கருவிலே வளர்ச்சியை நடத்துபவை இன்ஸுலினும், இன்ஸுலினை ஒத்த வளர்ச்சிக் காரணிகள் என்று சொல்லப்படும் வேறிரண்டு பொருள்களும், இவற்றுக்கெல்லாம் மூலதனமாகத் தாயின் இரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாக வந்து சேரும் உணவுமேயாம்.

ஆகவே சிறுமைக்குக் காரணம் மூன்று இடங்களில் இருக்கக்கூடும். தாயின் தேகத்தில் இருக்கலாம், நஞ்சில் இருக்கலாம், சிசுவிலேயே இருக்கலாம். தாயின் பட்டினி, இரத்த சோகை, மலேரியா, புகையிலை, இரத்த அழுத்தம், தன் உடம்பே முதிராத இளம் பிராயத்தில் கர்ப்பம் தரித்தல் ஆகியவை முதல் வகை. 1944-45 ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், ஜெர்மானிய ராணுவம் உணவுப் போக்குவரத்தைத் தடுத்தமையால் ஹாலந்து தேசத்தின் மேற்குப் பகுதி பஞ்சத்தில் ஆழ்ந்தது. அப்போது கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் பட்டினி கிடந்த தாய்மார்களின் சிசுக்கள் சராசரியாகச் சுமார் 300 கிராம் எடை குறைந்து பிறந்தன. முந்தின ஆண்டு வரை நல்ல உணவு உண்டு வந்த ஜாதியாருக்கே சில மாதப் பட்டினியால் இவ்வளவு நஷ்டமென்றால், தலைமுறை தலைமுறையாக அரை வயிறு உண்டவர்களின் நிலையை வாசகர்கள் ஊகித்துக் கொள்ளலாம்.

ஜீன்கள் கூறும் சாக்ஷியம்

சிசுவிலேயே அமைந்திருக்கும் காரணங்களே பாரம்பரிய சாஸ்திரத்தின் எல்லைக்குள் வருபவை. சாதாரண மனிதனின் உயரம் ஒரே ஜீனால், அதாவது ஒரே மரபணுவால், நிர்ணயிக்கப்படுவதன்று. 2022 ஆம் ஆண்டில் சுமார் 54 லக்ஷம் பேரின் விவரங்களைத் திரட்டி வெளியிடப்பட்ட ஓர் ஆராய்ச்சி, உயரத்தோடு சம்பந்தமுள்ள 12,111 சிறு வேற்றுமைகளை மனித ஜீன்களின் தொகுதியில் சுட்டிக் காட்டிற்று. ஒவ்வொன்றும் ஒரு மயிரிழை அளவே கூட்டுகிறது அல்லது குறைக்கிறது. குட்டையான பெற்றோருக்குக் குட்டையான குழந்தை பிறப்பது இவ்வாறே, அது வியாதியன்று.

ஆனால் சில சமயங்களில் ஒரே ஓர் இடத்தில் நேரும் பிழை வளர்ச்சி முழுவதையும் தடுத்துவிடுகிறது. 1996 ஆம் ஆண்டில் லண்டன் வைத்தியர்கள் ஒரு சிறுவனைப் பற்றி எழுதினர். அவன் மிகச் சிறியவனாகப் பிறந்து, பிறந்த பின்பும் வளராதவன், காதும் கேளாதவன். வளர்ச்சிக் காரணிகளில் முதலாவதை உண்டாக்கும் ஜீனின் ஒரு பகுதி அவனிடத்தில் இல்லாமற் போயிருந்தது. பிறகு 2003 ஆம் ஆண்டில், அக்காரணியை ஏற்றுக்கொள்ளும் வாயிலான ஜீனில் பிழையுள்ள குழந்தைகளைக் கண்டனர். இவர்களிடத்தில் காரணி உண்டு. அது உள்ளே புகும் கதவுதான் பாதி அடைபட்டிருக்கிறது.

எல்லாவற்றிலும் அதிசயமானது ஸில்வர்-ரஸ்ஸல் கூட்டுநோய். 1953 ஆம் ஆண்டில் ஸில்வர் என்பவரும் 1954 இல் ரஸ்ஸல் என்பவரும் இதைத் தனித்தனியே விவரித்தனர். இக்குழந்தைகளின் உடல் சிறுத்திருக்கும், தலை மட்டும் உடலை நோக்கப் பெரியதாகத் தோன்றும், நெற்றி புடைத்திருக்கும், உடலின் ஒரு பக்கம் மற்றொரு பக்கத்தைவிடச் சிறிதாயிருப்பதும் உண்டு, பால் குடிப்பதிலும் உணவு உண்பதிலும் பெரும் தொல்லை இருக்கும். இதன் காரணம் வெகு காலம் விளங்காமல் இருந்தது. நமக்கு ஒவ்வொரு ஜீனும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பிரதிகளாக வருகிறது. பெரும்பாலான ஜீன்களில் இரண்டு பிரதிகளும் வேலை செய்யும். ஆனால் வளர்ச்சிக் காரணிகளில் இரண்டாவதை உண்டாக்கும் ஜீன் அப்படியன்று. பதினோராவது குரோமோஸோமில் உள்ள அந்த ஜீனின் தந்தை வழிப் பிரதியே கருவில் வேலை செய்கிறது. தாய் வழிப் பிரதி வாய் பொத்தி இருக்கிறது. எந்தப் பிரதி பேச வேண்டும், எது மௌனமாயிருக்க வேண்டும் என்பதை ஜீனின்மேல் பதிந்துள்ள ஒருவகை ரஸாயன முத்திரை தீர்மானிக்கிறது. தந்தை வழிப் பிரதியின்மேல் இருக்க வேண்டிய முத்திரை கலைந்து போனால் இரண்டு பிரதிகளுமே மௌனமாகிவிடுகின்றன, வளர்ச்சி நின்றுவிடுகிறது. ஸில்வர்-ரஸ்ஸல் குழந்தைகளில் பலருக்கு இதுவே காரணமாகக் காணப்படுகிறது. வேறு சிலரிடத்தில் ஏழாவது குரோமோஸோமின் இரண்டு பிரதிகளும் தாயிடமிருந்தே வந்துவிடுகின்றன.

இந்த சாஸ்திர விவரத்தை நாம் இவ்வளவு விரித்துச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. நமது வீடுகளில் குழந்தை சிறுத்துப் பிறந்தால் பழி முழுவதும் தாயின் தலையில் விழுகிறது. “கர்ப்பமாயிருக்கையில் எதைத் தின்றாளோ, எதைப் பார்த்து மிரண்டாளோ” என்று மாமியாரும் நாத்தனாரும் பேசுவதைக் கேளாத ஊர் இல்லை. கலைந்து போன முத்திரை யாருடைய குற்றமுமன்று. அது பெரும்பாலும் தற்செயலாய் நேர்வது. பெற்றோரின் நடத்தைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அடுத்த குழந்தைக்கும் அவ்வாறே நேருமென்று அஞ்ச வேண்டியதும் மிக அபூர்வம். தாய்க்கு உணவில்லாமையால் சிசு சிறுத்தபோதோ, குற்றவாளி உணவளிக்காத குடும்பமும் சமூகமுமேயன்றிப் பட்டினி கிடந்தவள் அல்லள். எப்படிப் பார்த்தாலும் இந்தப் பழி அந்த ஸ்திரீயைச் சேராது. இதை ஒவ்வொரு கிராமத்திலும் எடுத்துச் சொல்வது நமது ஊழியர்களின் கடமை.

காரணத்தைக் கண்டறிவது வேறொரு விதத்திலும் உயிர் காக்கிறது. டர்னர் கூட்டுநோயுள்ள பெண் குழந்தைகள் இரண்டு எக்ஸ் குரோமோஸோம்களில் ஒன்றை முழுமையாகவோ பகுதியாகவோ இழந்தவர்கள். இவர்களும் சற்றுச் சிறுத்துப் பிறப்பது வழக்கம். இவர்களுடைய இருதயத்தையும் சிறுநீரகங்களையும் பரிசோதிக்க வேண்டும். ப்ளூம் கூட்டுநோயுள்ள குழந்தைகளும் மிகச் சிறியவர்களாகவே பிறக்கின்றனர். ஆனால் இவர்களுடைய குரோமோஸோம்கள் எளிதில் முறியும் இயல்புடையவை. இளமையிலேயே புற்றுநோய் வரும் அபாயம் மிக அதிகம். வளர்ச்சியைத் தூண்டும் ஊசியை இவர்களுக்குக் கொடுப்பது நெருப்புக்கு நெய் வார்ப்பதாகக்கூடும் என்று வைத்தியர்கள் அஞ்சுகின்றனர். வெளித் தோற்றத்தில் எல்லோரும் குட்டைக் குழந்தைகளே. ஒருவனுக்கு மருந்தாவது மற்றொருவனுக்கு விஷமாகலாம். ஆதலால்தான், ஊசிக்கு முன் காரணம் தெரிய வேண்டும் என்கிறோம்.

ஊசியின் சரித்திரம்

இனி ஊசியைப் பற்றிச் சொல்வோம். 1958 ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த மாரிஸ் ரேபன் என்னும் வைத்தியர், இறந்தவர்களின் பிட்யூட்டரிச் சுரப்பிகளிலிருந்து பிரித்தெடுத்த ஹார்மோனைக் கொடுத்து, அது சுரக்காத ஒரு சிறுவனை வளரச் செய்த செய்தியை வெளியிட்டார். அதன்பின் பல தேசங்களிலும் பிரேதங்களிலிருந்து சுரப்பிகளைச் சேகரித்து மருந்து செய்யலாயினர். மருந்து எப்போதும் பற்றாக்குறையாகவே இருந்தது. ஹார்மோன் அறவே இல்லாத குழந்தைகளுக்கே அது பங்கிட்டுக் கொடுக்கப்பட்டது. 1985 ஆம் ஆண்டில் பேரிடியாக ஒரு செய்தி வந்தது. அம்மருந்தைப் பெற்ற சில வாலிபர்கள், கிராய்ட்ஸ்பெல்ட்-யாக்கோப் என்னும் மூளை அழியும் வியாதியால் இறந்தனர். சுரப்பிகளோடு நோயும் கலந்து வந்திருந்தது. பிரான்ஸ் தேசத்தில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டோர் இவ்வாறு மாண்டனர். பிரேத மருந்து நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில், நுண்ணுயிர்களுக்குள் மனித ஜீனைப் புகுத்தி ஆய்வுக்கூடத்திலேயே செய்யப்பட்ட தூய ஹார்மோனுக்கு அமெரிக்க சர்க்கார் அநுமதி அளித்தனர்.

நோய் கலவாத மருந்து கிடைத்தது பெரிய நன்மையே. ஆயினும் பற்றாக்குறை நீங்கியவுடன் வியாபாரமும் உடன் வந்தது. 2001 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் 2003 இல் ஐரோப்பாவிலும், சிறுத்துப் பிறந்து எட்டிப் பிடிக்காத குழந்தைகளுக்கு இவ்வூசி அங்கீகாரம் பெற்றது. இதில் நியாயம் உண்டு. ஆனால் 2003 ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில், நோய் ஒன்றும் காணப்படாது வெறுமனே மிகக் குட்டையாக உள்ள குழந்தைகளுக்கும் அநுமதி தரப்பட்டது. அங்கே சிகிச்சை பெறுவோரில் சிறுமிகளைவிடச் சிறுவர்களே மிகுதி. குட்டையாயிருத்தல் ஆண் பெண் இருபாலார்க்கும் ஒன்றே; பெற்றோரின் ஆசையிலும் சமூகத்தின் பார்வையிலும்தான் வித்தியாசம். நமது தேசத்தில் இந்த ஊசி பரவும்போது பெண் குழந்தை பின்னே தள்ளப்படுவாள் என்று அஞ்சுவதற்குப் போதிய காரணம் உண்டு.

பலனும் எல்லையும்

சிறுத்துப் பிறந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஹார்மோன் குறைவு இல்லை. அவர்களுடைய உடல் அதற்குச் சரியாகச் செவி சாய்ப்பதில்லை; ஆதலால் இயற்கை அளவுக்கு மேல் சிறிது கொடுத்து அதைக் கேட்கச் செய்ய முயல்கின்றனர். ஐரோப்பாவில் அங்கீகரிக்கப்பட்ட அளவு, எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.035 மில்லிகிராம். நான்கு வயதாகியும் எட்டிப் பிடிக்காத, ஆயிரம் பேரில் மிகக் குட்டையான ஐந்தாறு பேர் என்று சொல்லத்தக்க நிலையிலுள்ள குழந்தைகளுக்கே அங்கே இது விதிக்கப்பட்டிருக்கிறது. இரவுதோறும் தோலுக்கடியில் ஊசி போட வேண்டும். இவ்வாறு வருஷக்கணக்காகச் செய்து வந்தால், ஊசி பெறாதவர்களைவிடச் சராசரியாக ஆறு சென்டிமீட்டர் அளவுக்கு உயரம் கூடுகிறது என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. சிலருக்கு அதிகம், சிலருக்கு வெகு சொற்பம். காரணம் எந்த ஜீனில் இருக்கிறதென்பதைப் பொறுத்துப் பலனும் மாறுகிறது. முன்னே சொன்ன கதவு அடைபட்ட குழந்தைகளுக்குப் பலன் குறைவாகவே கிட்டுவதுண்டு.

காலமும் இதில் பிரதானம். எலும்புகளின் முனைகளிலுள்ள வளர்ச்சித் தட்டுகள் பருவ வயதின் இறுதியில் மூடிக்கொள்கின்றன. பெண்களுக்கு இது முன்னதாகவே நேர்கிறது. மூடிய பின் எத்தனை ஊசி போட்டாலும் ஓர் அங்குலமும் கூடாது. தட்டுகள் மூடிய பின் வைத்தியரிடம் அழைத்து வந்து அழும் பெற்றோருக்கு எந்த வைத்தியரும் ஒன்றும் செய்ய இயலாது. ஆகவே நான்கைந்து வயதில் கவனியாது விடுவது, பிறகு ஈடு செய்ய முடியாத நஷ்டம்.

தீங்கு உண்டா என்று கேட்பது நியாயமே. சிகிச்சைக் காலத்தில் இன்ஸுலினின் வேலை சற்றுத் தடைப்படுகிறது. நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடுகிறது. நீண்ட காலப் பலனை ஆராய ஐரோப்பாவில் எட்டுத் தேசங்களில் இளமையில் இவ்வூசி பெற்ற சுமார் 24 ஆயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்து, 2020 ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். ஹார்மோன் குறைவு ஒன்றையே உடையவர்களுக்கு மரண விகிதம் கூடவில்லை. சிறுத்துப் பிறந்தவர்களுக்குச் சற்றுக் கூடியிருந்தது. அதுவும் பெரும்பாலும் பிரான்ஸ் தேசத்துக் கூட்டத்தால் வந்த ஏற்றம். பொது ஜனங்களோடு ஒப்பிட்ட கணக்காதலால், இது ஊசியால் வந்ததா, சிறுத்துப் பிறந்ததாலேயே வந்ததா என்று அதனால் பிரித்துக் கூற முடியாது. இதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய பாடம் பயமன்று, ஜாக்கிரதை. தகுதியுள்ள வைத்தியரின் மேற்பார்வையும் வருஷந்தோறும் பரிசோதனையும் இன்றி இதைத் தொடுதல் கூடாது.

பட்டினிக்கு ஊசி மருந்தாகாது

மற்றொரு உண்மையைப் பொது வாழ்வில் ஈடுபட்டோர் அனைவரும் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். பட்டினியால் வாடும் குழந்தையின் இரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் குறைவதில்லை. சாதாரணமாக அது மிகுந்தே காணப்படுகிறது. குறைவது அந்த ஹார்மோனின் கட்டளையால் ஈரலில் உண்டாக வேண்டிய வளர்ச்சிக் காரணியே. சோறில்லாத உடல், கட்டளை வந்தும் வளர மறுத்து, உயிரைக் காப்பாற்றிக் கொள்வதிலேயே முனைகிறது. அப்படிப்பட்ட குழந்தைக்கு இன்னும் ஹார்மோனைக் குத்துவது, நெல் இல்லாத வீட்டில் உலையை ஊதி எரிப்பது போலாகும். பருப்பும் பாலும் முட்டையும் காய்கறியும் அங்கே மருந்து. சுத்தமான குடிநீரும் அங்கே மருந்து.

தாய் வயிற்றுச் சிறுமை உயரத்தோடு நிற்பதுமன்று. மைசூரில் ஹோல்ட்ஸ்வொர்த் ஞாபகார்த்த ஆஸ்பத்திரியில் 1934 ஆம் ஆண்டு முதல் பிறந்த சிசுக்களின் எடையும் நீளமும் தலைச் சுற்றளவும் முறையாகக் குறித்து வைக்கப்பட்டிருந்தன. இங்கிலாந்தில் டேவிட் பார்க்கர் ஹெர்ட்பர்ட்ஷையர் ஜில்லாவின் பழைய பதிவேடுகளைக் கொண்டு செய்த ஆராய்ச்சியைப் பின்பற்றி, மைசூரிலும் அப்பழைய சிசுக்களை நடுத்தர வயதில் தேடிப் பிடித்துப் பரிசோதித்தனர். எடையும் நீளமும் குறைந்து பிறந்தவர்களிடையே இருதய வியாதி அதிகமென்று 1996 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. புனாவில் யாக்னிக் என்னும் வைத்தியரும் அவர் கூட்டத்தாரும், அங்குள்ள கிராமத்துச் சிசுக்களின் சராசரி எடை 2.7 கிலோ என்றும், இங்கிலாந்தின் ஸௌதாம்ப்டன் நகரத்துச் சிசுக்களுக்கு அது 3.5 கிலோ என்றும் கண்டனர். புனாச் சிசுக்களில் தசை குறைந்து, கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையாமல் இருந்தது. நமது தேசத்தில் பெருகும் நீரிழிவுக்கு இங்கே ஒரு வேர் இருக்கிறதென்று அவர்கள் கருதுகின்றனர்.

உணவால் இதை மாற்ற முடியுமா? பம்பாயின் சேரிகளில் பெண்களுக்குக் கீரையும் பழமும் பாலும் சேர்ந்த சிற்றுண்டியை நாள்தோறும் கொடுத்துப் பார்த்தனர். 2014 ஆம் ஆண்டில் வெளியான அந்த ஆராய்ச்சியில், மொத்தக் கூட்டத்தில் எடை வித்தியாசம் திட்டமாகத் தெரியவில்லை. ஆனால் கர்ப்பம் தரிப்பதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பிருந்தே அதை உண்டவர்களின் சிசுக்கள் சுமார் 48 கிராம் எடை கூடிப் பிறந்தன. 48 கிராம் சொற்பந்தான். ஆயினும் அதன் உபதேசம் பெரிது. கர்ப்பிணியானபின் உணவு கொடுப்பது காலங்கடந்த தர்மம். பெண் பெண்ணாயிருக்கும்போதே, சிறுமியாயிருக்கும்போதே, அவளுக்கு வயிறார உணவு வேண்டும். மேற்சொன்ன கணக்கெடுப்பிலேயே நமது கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 52 பேருக்கு இரத்த சோகை உள்ளதென்றும், 20 முதல் 24 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 23 பேர் 18 வயது நிறையுமுன்பே மணம் செய்விக்கப்பட்டவர்கள் என்றும் கண்டிருக்கிறது. வீட்டில் கடைசியாக உண்பவளும் மிச்சத்தை உண்பவளும் அவளாயிருக்கும் வரை தராசின் முள் நமக்குச் சாதகமாகத் திரும்பாது.

நாம் கேட்பது

இவ்விஷயத்தில் நாம் வற்புறுத்துவன நான்கு.

முதலாவது, பிறக்கும் ஒவ்வொரு சிசுவுக்கும் எடையோடு நீளமும், தலைச் சுற்றளவும், கர்ப்பத்தின் வாரக் கணக்கும் தாய் சேய் அட்டையில் தவறாமல் எழுதப்பட வேண்டும். மைசூரில் அன்று தாதிகள் பொறுமையோடு எழுதி வைத்ததே அறுபது வருஷங்களுக்குப் பின் உலகத்துக்கு ஓர் உண்மையை உணர்த்திற்று. இதற்குப் பெருஞ் செலவில்லை; ஓர் அளவுப் பலகையும் சிறிது சிரத்தையும் போதும்.

இரண்டாவது, சிறுத்துப் பிறந்ததாகக் குறிக்கப்பெற்ற குழந்தையை இரண்டு வயது வரை மூன்று மாதத்துக்கொரு முறையேனும் அங்கன்வாடியில் அளந்து வர வேண்டும். எட்டிப் பிடிக்காத குழந்தையை ஜில்லா ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து குழந்தைகளின் ஹார்மோன் வைத்தியத்தில் தேர்ந்தவரிடத்துக்கும் அனுப்பும் ஏற்பாடு வேண்டும். போதிய உணவு கிடைக்கிறதா என்பதே அங்கே கேட்கப்படும் முதற் கேள்வியாயிருக்கட்டும்.

மூன்றாவது, உணவுக் குறைவில்லாமலும் வளராத குழந்தைக்கு ஜீன் பரீக்ஷையும், தகுதி காணப்பட்டால் ஊசியும், பொதுச் செலவில் கிடைக்க வேண்டும். 2021 ஆம் ஆண்டில் இந்திய சர்க்கார் வெளியிட்ட அரிய நோய்கள் பற்றிய கொள்கை, ஹார்மோன் குறைவு நிரூபிக்கப்பட்டவர்களுக்கும் டர்னர் போன்ற சில கூட்டுநோய் உடையவர்களுக்கும் வளர்ச்சி ஹார்மோன் சிகிச்சையை ஏற்றுக்கொண்டிருக்கிறது. சிறுத்துப் பிறந்து வளராது நிற்கும் குழந்தைக்கும் அத்தகைய ஆதரவில் தெளிவான இடம் வேண்டும். இந்த மருந்து எடைக்கேற்ற அளவில் கொடுக்கப்படுவதால், குழந்தை வளர வளரச் செலவும் வளர்கிறது. மாதந்தோறும் ஆயிரக்கணக்கில் பணம் வேண்டும். கூலி வேலை செய்து பிழைப்பவர் இதை எவ்வாறு தாங்குவர்? பாதியில் நிறுத்தப்பட்ட சிகிச்சை, பணத்தையும் தின்று குழந்தையின் நம்பிக்கையையும் தின்றுவிடும்.

நான்காவது, ஆரோக்கியமுள்ள குழந்தைகளுக்கு உயரத்தை விலை கூறி விற்கும் வியாபாரத்தைச் சர்க்காரும் வைத்திய சங்கங்களும் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். பெற்றோர்களும் ஒன்றை நினைவில் வைத்தல் நலம். மனிதனுடைய மதிப்பு அவனுடைய உயரத்தால் அளக்கப்படுவதன்று. குட்டையான குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் ஏளனம் செய்வது ஏளனம் செய்வோரின் நோய்; அதற்கு ஊசி குழந்தைக்குப் போட வேண்டியதில்லை.

சிலர் கேட்கக்கூடும்: “தாய்மார் பட்டினி கிடக்கும் தேசத்தில், ஆயிரத்தில் சிலருக்கு வேண்டிய அரிய மருந்தைப் பற்றிப் பேசுவானேன்?” என்று. இவ்விரண்டில் ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பது நியாயமாகாது என்பதே நமது உறுதியான அபிப்பிராயம். பலருக்குச் சோறு கொடுப்பதும் சிலருக்கு மருந்து கொடுப்பதும் ஒரே தர்மத்தின் இரு பகுதிகள். அரிசிக்கும் பருப்புக்கும் ஆகும் செலவை ஊசியின் பெயரால் குறைப்பதும் குற்றம். முத்திரை கலைந்து பிறந்த குழந்தையிடம் பருப்பைக் காட்டி ஊசியை மறுப்பதும் குற்றம். யாருக்கு எது வேண்டுமென்று பிரித்தறியும் அறிவு இன்று மனித குலத்தின் கையில் இருக்கிறது. அதைப் பிரஸவ விடுதியின் தராசடி வரை கொண்டு வந்து சேர்ப்பதே எஞ்சிய வேலை. சட்டசபைகளிலும் நகரசபைகளிலும் பஞ்சாயத்துக்களிலும் ஜனங்களின் சார்பாகப் பேசுகிறவர்கள், தங்கள் தொகுதியில் சென்ற வருஷம் பிறந்த சிசுக்களில் எத்தனை சிறுத்துப் பிறந்தன, அவற்றுள் எத்தனை இரண்டு வயதில் மீண்டும் அளக்கப்பட்டன என்று இன்றே கேட்கத் தொடங்குவார்களாக. கேள்வி எழுந்தால் கணக்கு எழுதப்படும். கணக்கு எழுதப்பட்டால் குழந்தை கண்ணில் படும். கண்ணில் பட்ட குழந்தையைக் கைவிட நமது ஜனங்களுக்கு மனம் வராது.